பதினோரு அடிச் சுவரில் ஒரு கடைசி ஸ்டேஷன்

போன தை மாதம் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்த பழைய மர பீரோவைப் பக்கத்து அறைக்கு மாற்றினோம். வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே ஒரு முழுச் சுவர் காலியாக நிற்கிறது. மூலையிலிருந்து ஜன்னல் சட்டம் வரை டேப் பிடித்தேன். சரியாகப் பதினோரு அடி, 335 சென்டிமீட்டர். "இங்கே ஒரு ஷெல்ஃப் அடித்தால் துணி அடுக்கலாம்" என்றாள் மனைவி. "ஆமாம், ஷெல்ஃப் அடிக்கலாம்" என்றேன். துணி என்ற சொல்லை நான் திருப்பிச் சொல்லவில்லை என்பதை அவள் கவனித்திருப்பாள்.

என்னிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருக்கிறது. இருபது வருடமாக அதில் மாதிரி ரயில் லேஅவுட் படங்கள் வரைந்துகொண்டிருக்கிறேன். ஒன்றைக்கூடக் கட்டியதில்லை. கையில் இருப்பதெல்லாம் சிங்கப்பூரில் வேலை பார்த்த நண்பன் வாங்கிவந்த ஒரு டீசல் எஞ்சின், மூன்று பெட்டி, கட்டில் மேல் விரிக்கும் அளவுக்கு ஒரு நீள்வட்டத் தண்டவாளம். வருடத்துக்கு இரண்டு முறை வெளியே எடுத்து, தூசி தட்டி, சுற்றவிட்டு, பத்து நிமிடத்தில் அலுத்துப்போய் உள்ளே வைத்துவிடுவேன். ரயில் அலுக்கவில்லை. ஒரே வட்டத்தில் அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அலுக்கிறது. அதனால் இந்த முறை நோட்டில் இருக்கும் ஒவ்வொரு யோசனைக்கும் ஒரே கேள்வி வைத்தேன்: பதினோராவது நிமிடத்தில் நான் என்ன செய்துகொண்டிருப்பேன்?

முதல் பக்கத்தில் பாம்பன் பாலம். ரயில் பைத்தியம் பிடித்த தமிழர் யாருக்கும் முதல் பக்கம் அதுவாகத்தான் இருக்கும். 1914 பிப்ரவரியில் திறந்தது, 145 கண்கள், நடுவில் கப்பலுக்கு வழிவிட இரு கைபோல விரியும் ஷெர்சர் தூக்குப்பகுதி. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 1:120 ஸ்கேலில், அதாவது அசலை 120இல் ஒரு பங்காகச் சுருக்கி, கணக்குப் போட்டால் 17 மீட்டர் வருகிறது. எங்கள் பின்னறையில் தொடங்கினால் பாலம் வாசல் தாண்டி, லிஃப்டைத் தாண்டி, எதிர்வீட்டுக்காரர் செருப்பு ஸ்டாண்டில் போய் முடியும். சரி, தூக்குப்பகுதியை மட்டும் செய்தால் என்ன என்று அட்டையில் ஒன்று வெட்டினேன்.

இந்த அட்டை வேலை ரொம்ப சுவாரஸ்யமாக இருந்தது. ஷெர்சர் பாலத்தின் கை கதவு மாதிரி ஒரு கீலைச் சுற்றித் திரும்புவதில்லை. அதன் அடிப்பகுதி கால்வட்டமாக வளைந்திருக்கிறது. அந்த வளைவு ஒரு சமதளத்தின் மேல் பின்னோக்கி உருளும்போது நுனி மேலே எழும்புகிறது, கூடவே கப்பல் போகும் வழியிலிருந்து விலகியும் போகிறது. வால் பக்கம் எதிர் எடை. நான் ஐந்து ரூபாய் நாணயங்களை ஒட்டினேன். இரண்டு போதவில்லை, மூன்று அதிகமாகிவிட்டது, இரண்டோடு ஒரு பழைய ஐம்பது பைசா சேர்த்ததும் ஒரு விரலால் தொட்டாலே எழும்பியது. அசல் பாலத்தை ஆட்கள் கையாலேயே நெம்பித் திறந்தார்கள் என்பது அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது. மகள் அன்று சாயங்காலம் முழுக்க அதைத் தூக்கி இறக்கிக்கொண்டே இருந்தாள். 2022 டிசம்பரில் அசல் பாலத்தில் ரயில் நின்றுவிட்டது, 2025 ஏப்ரலிலிருந்து பக்கத்திலேயே செங்குத்தாக எழும்பும் புதுப் பாலம். ஆகவே பழையதை மாதிரியிலாவது வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால் என் கேள்விக்குப் பதில் இல்லை. பாலம் இறங்கும், ரயில் போகும், பாலம் ஏறும். பதினோராவது நிமிடத்தில் நான் மறுபடி அதையே செய்துகொண்டிருப்பேன். அட்டைப் பாலம் இப்போது மகளின் மேஜையில் இருக்கிறது, பென்சில்கள் அதன் அடியில் கப்பலாகப் போகின்றன.

அடுத்தது மேட்டுப்பாளையம்–ஊட்டி. 1899இல் குன்னூர் வரை, 1908இல் ஊட்டி வரை வந்த மீட்டர்கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே ஒரு மீட்டர் அகலம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்பட்டை. இரண்டு பட்டைகள், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வருமாறு மாற்றிப் பதித்திருப்பார்கள். எப்போதும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருந்துகொண்டே இருக்கும். எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். அதிகபட்ச ஏற்றம் 12க்கு 1, அதாவது 12 அடி போனால் ஓரடி ஏறும்.

12க்கு 1 என்று எழுதுவது எளிது. அது எவ்வளவு என்று பார்க்க ஆறடிப் பலகை ஒன்றில் தண்டவாளத்தை ஒட்டி, ஒரு நுனிக்கடியில் 15 செ.மீ. உயரத்துக்குப் புத்தகம் அடுக்கினேன். பார்த்தாலே மலைப்பாக இருந்தது. எஞ்சின் தனியாக முனகிக்கொண்டே ஏறிவிட்டது. ஒரு பெட்டியைப் பின்னாலிருந்து தள்ளச் சொன்னேன், பாதியில் மூச்சு வாங்கியது. இரண்டு பெட்டி என்றதும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. மூன்று பெட்டி வைத்தபோது மொத்த ரயிலும் சாவகாசமாகப் பின்னால் வழுக்கி வந்து என் கையில் உட்கார்ந்தது. புத்தகங்களைக் குறைத்துக்கொண்டே வந்தேன். 25க்கு 1 என்ற நிலையில்தான் மூன்று பெட்டியும் நிதானமாக ஏறின, அதுவும் நேர்ப்பாதையில். வளைவு வைத்தால் இன்னும் குறைக்க வேண்டும்.

பல்பட்டை வைத்த மாதிரி ரயில்கள் உலகத்தில் இல்லாமலில்லை. சுவிஸ் மலைப்பாதைகளுக்காக பீமோ என்ற நிறுவனம் செய்கிறது, ஃபிளைஷ்மேன் என்ற நிறுவனம் சின்ன ஸ்கேலிலேயே செய்திருக்கிறது. அந்தப் பல்சக்கர எஞ்சினின் அடிப்பாகத்தை வாங்கி, மேலே நம் ஊர் எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சினின் உடலை வைக்கலாம். அசல் எக்ஸ் கிளாஸும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்ததுதானே, பிறந்த வீட்டுச் சீதனம் என்று வைத்துக்கொள்ளலாம். செலவை எண்ணிப் பார்த்துவிட்டு நோட்டை மூடினேன். இந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. மடித்து வைத்திருக்கிறேன்.

செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையை வேகமாகத் தாண்டிவிடுகிறேன், அதைப் பற்றித் தொடங்கினால் நிறுத்த மாட்டேன். 1904இல் திறந்த பாதை, கழுதுருட்டியில் பதிமூன்று கண் கல்பாலம், அதன் நீளம் மட்டும் மாதிரியில் 85 செ.மீ. இருக்கும். 2010இல் மீட்டர்கேஜ் நின்று 2018இல் அகலப்பாதையாகத் திரும்பியது. அழகுக்கு இதற்கு இணை கிடையாது. ஆனால் இதுவும் ஓடுவதைப் பார்க்கும் லேஅவுட்தான்.

நோட்டின் கடைசிப் பகுதியில், பென்சிலில், ஓரமாக ஒரு படம் இருந்தது. ஒரு பிளாட்பாரம், ஒரு லூப் (பக்கத்தில் பிரிந்து போய் மறுபடி சேரும் லைன்), ஒரு குட்ஸ் ஷெட், அப்புறம் பாதை முடிந்துவிடுகிறது. பக்கத்தில் "போடி மாதிரி" என்று எழுதியிருக்கிறேன். எந்த வருடம் வரைந்தேன் என்றே நினைவில்லை.

மதுரை–போடிநாயக்கனூர் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர் கிளைப்பாதை. 1928இல் வந்தது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், ஐம்பதுகளில் மறுபடி போட்டார்கள். 2010 கடைசியில் மீட்டர்கேஜ் நின்றது. 2022இல் தேனி வரையும் 2023இல் போடி வரையும் அகலப்பாதை. சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு ஆண்டிபட்டிப் பெரியப்பா வீட்டுக்குப் போகும்போது அந்த வண்டியில் போயிருக்கிறேன். ஒரு தடவை கடைசி ஸ்டேஷன் வரை போய்ப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து அங்கேயும் போனோம். வண்டி நின்றதும் எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். எனக்கு அதற்கப்புறம்தான் வேடிக்கை. எஞ்சினைக் கழற்றினார்கள். அது முன்னால் போய் நின்றது, பாயின்ட்டை, அதாவது லைன் இரண்டாகப் பிரியும் இடத்தில் வழியைத் திருப்பும் தண்டவாளத்தை, மாற்றினார்கள், பக்கத்து லைனில் பின்னோக்கி முழு வண்டியையும் கடந்து போனது, அந்தப் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. ஒய்டிஎம்4 என்ற அந்த மீட்டர்கேஜ் டீசல் எஞ்சினுக்கு ஒரு பக்கம்தான் டிரைவர் அறை. ஒரு பயணத்தில் அறை முன்னால், திரும்பும்போது நீள மூக்கு முன்னால். அதைத் திருப்ப டர்ன்டேபிள் என்ற சுழல்மேடை வேண்டாம். நீராவிக் காலத்தை எடுத்துக்கொண்டால் அதற்கும் இடம் ஒதுக்க வேண்டியிருக்கும். அந்தக் காரணத்துக்காகவே என் லேஅவுட்டின் காலம் தொண்ணூறுகள் என்று அன்றே முடிவாகிவிட்டது.

இது போடியின் நகலாக இருக்காது, பெயர் வைக்காத ஒரு கடைசி ஸ்டேஷன். பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை, முன்னால் காய்ந்த கரிசலும் செம்மண்ணும். கேள்விக்குப் பதிலும் கிடைத்தது. வண்டி வந்தால் எஞ்சினைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும், குட்ஸ் ஷெட்டுக்கு வேகன் வைக்க வேண்டும், எடுக்க வேண்டும். பதினோராவது நிமிடத்தில் எனக்குக் கை நிறைய வேலை இருக்கும்.

ஸ்கேல் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊர் ரயிலை மாதிரியாகச் செய்ய நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். கடையில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளம் பெரும்பாலும் வெளிநாட்டு ஸ்டாண்டர்ட் கேஜுக்கானது (1435 மி.மீ. அகலம்). ஹெச்ஓ என்பது 1:87, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். நம் அகலப்பாதை 1676 மி.மீ., அதை 87ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. 16.5இல் வைத்தால் பெரிய உடம்புக்குச் சின்னச் செருப்பு போட்ட மாதிரி இருக்கும். மீட்டர்கேஜுக்கு ஹெச்ஓவில் 12 மி.மீ. தண்டவாளம் உண்டு, பொருத்தமும் அருமை. ஆனால் நம் மீட்டர்கேஜ் பெட்டி 19 மீட்டருக்கு மேல் நீளம், அந்த ஸ்கேலில் ஒரு பெட்டி 22 செ.மீ. நாலு பெட்டி வைத்தாலே என் சுவரில் கால்வாசிக்கு மேல் போய்விடும்.

அதைவிடச் சின்னது 'என்' ஸ்கேல். (இதை மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் என்னுடைய சொந்த ஸ்கேல் என்று படிக்கிறார்கள்.) ஒன்பது மி.மீ. தண்டவாளம் என்பதால் ஒன்பதின் ஆங்கில முதலெழுத்தை வைத்து வந்த பெயர். அந்த ஸ்கேல் 1:160. ஆனால் அதே ஒன்பது மி.மீ. தண்டவாளத்தின் மேல் 1:120 உடல்களை வைத்தால் 9 x 120, அதாவது 1080 மி.மீ. அசல் மீட்டர்கேஜைவிட எட்டு சென்டிமீட்டர்தான் அதிகம், கண்ணுக்குத் தெரியாது. தண்டவாளம், பாயின்ட், மோட்டார், சக்கரம் எல்லாம் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கிடைக்கும் 'என்' ஸ்கேல் சரக்கு. மேலே இருக்கும் உடல் மட்டும் நான் வரைந்து முப்பரிமாணப் பிரின்டில் எடுக்க வேண்டியது. ஒய்டிஎம்4 சுமார் பதினைந்தரை மீட்டர், 1:120இல் 13 செ.மீ. கேட்டோ நிறுவனத்தின் 'என்' ஸ்கேல் எஸ்டி40 எஞ்சினும் கிட்டத்தட்ட அதே நீளம், இரண்டுக்கும் அடியில் இருக்கும் சக்கரத் தொகுதி (போகி) ஒவ்வொன்றிலும் மூன்று அச்சு. இந்தக் கணக்கு ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு ஒத்துவந்தபோது எழுப்பிச் சொல்ல வீட்டில் ஆளில்லை. எழுப்பினால் என்ன நடக்கும் என்று தெரியும்.

அப்புறம் நீளக் கணக்கு. பெட்டிக்கு 16 செ.மீ. சொச்சம், கப்ளிங்கோடு நான்கு பெட்டிக்கு 66. எஞ்சினோடு 80. பாதை முடியும் இடத்தில் எஞ்சின் நிற்க 16. ஒரு ஆறாம் எண் பாயின்ட் (எண் பிரியும் கோணத்தைச் சொல்வது) 18.6. அதிலிருந்து ஃபவுலிங் மார்க் வரை 8, அதாவது அதைத் தாண்டி பெட்டி நின்றால் பக்கத்து லைனில் போகும் வண்டி உரசும். பெட்டிகள் நிற்க 70. மறுபடி 8, மறுபடி பாயின்ட் 18.6. ஸ்டேஷன் மட்டும் 139 செ.மீ. இன்னொரு கோடியில், மலைக்குப் பின்னால் ஒளிந்து, அடுத்த வண்டி காத்திருக்க 90. இதை ஃபிடில் யார்டு என்பார்கள், என் நோட்டில் 'மதுரை' என்று எழுதியிருக்கிறேன். மீதி 106 செ.மீ. வெட்டவெளி. வளைவு கொஞ்சம் வேண்டும், ஆனால் நீளமான பெட்டியின் மூன்று மடங்குக்குக் குறையாத ஆரம் இருந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும் என்பது பொது வழக்கு. என் கணக்கில் அது 48 செ.மீ., கட்டில் மேல் சுற்றிய வட்டமெல்லாம் இதற்கு உதவாது.

எக்ஸ்ட்ராக்கேட் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் வரைந்து, அசல் அளவிலேயே பிரின்ட் எடுத்து, ஏ4 தாள்களை ஒட்டித் தரையில் விரித்தேன். அருமையாக உட்கார்ந்தது. அது மட்டுமில்லை, கடைசியில் பதின்மூன்று செ.மீ. மிச்சம் வேறு இருந்தது! கணக்கை எங்கோ தாராளமாகப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று, அந்த மிச்சத்தில் ஒரு லெவல் கிராசிங் வரைந்தேன். கேட், கேட்மேன் அறை, காத்திருக்கும் ஒரு டிராக்டர். இரண்டு வாரம் அந்த டிராக்டரோடு சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு ஒரு நாள் பக்கத்தில் கிடந்த ஸ்கேலை எடுத்துத் தாளில் இருந்த பாயின்ட்டின் மேல் சும்மா வைத்தேன். 18.6க்குப் பதிலாக 17.9 காட்டியது. எஞ்சின் நிழலின் மேல் எஞ்சினையே வைத்துப் பார்த்தேன், மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிரின்டரில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற டிக் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு தாளையும் நாலு சதவீதம் சுருக்கியிருக்கிறது. 335இல் நாலு சதவீதம் என்பது பதின்மூன்று சொச்சம். என் டிராக்டர் நின்றது அந்தப் பிழையின் மேல்தான். இப்போது எந்த டெம்ப்ளேட் எடுத்தாலும் முதல் பக்கத்தில் பத்து செ.மீ. கோடு ஒன்று போட்டு, அதை அளந்துவிட்டுத்தான் அடுத்த பக்கம்.

சித்திரையில் கண் காட்டுவதற்காகப் பெரியப்பா சென்னைக்கு வந்தார். மீட்டர்கேஜ் காலத்தில் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தரை முழுக்கத் தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, கண்ணில் மருந்து விட்டிருந்ததால் குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்தபடியே, மதுரையிலிருந்து கடைசி பாயின்ட் வரை விரலால் ஓட்டிப் பார்த்தார். பாராட்டுவார் என்று நின்றேன்.

"ஏன்டா, ஷன்டிங் நெக் எங்கடா?"

ஷன்டிங், அதாவது குட்ஸ் ஷெட் வேகன்களை இடம் மாற்றும் வேலையை, எஞ்சின் மெயின் லைனிலேயே முன்னும் பின்னும் போய்ச் செய்யும் என்று சொன்னேன். விரலை எடுத்தார். "அங்கிட்டு வண்டிக்கு லைன் கிளியர் குடுத்தாச்சு, வண்டி புறப்பட்டாச்சு. நீ வேகனை வச்சுக்கிட்டு மெயின் லைன்ல நிப்பியா? ஸ்டேஷன் மாஸ்டர் உன்னையக் கொன்னே போடுவார்." அதனால் வெளிப்பக்கம் பாயின்ட்டை ஒட்டி மெயின் லைனுக்கு இணையாக ஒரு முட்டுச்சந்து லைன் வேண்டும். எஞ்சின் அதற்குள் போய் வந்து ஷன்டிங் செய்யும், மெயின் லைன் காலியாக இருக்கும். அதன் கடைசியில் மண்மேடு. சொல்லிவிட்டு, "இம்புட்டு வெரசா முட்டிரும், கொஞ்சம் நீளமா வை" என்று ஒரு யோசனையும் கொடுத்தார்.

அவர் போன பிறகு உட்கார்ந்து யோசித்தபோது வேறு ஒன்று பிடிபட்டது. ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் 'இங்கிள்நுக் சைடிங்ஸ்' என்ற பெயரில் ஒரு சின்ன ஷன்டிங் லேஅவுட் செய்தார். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த புதிர் அது. மூன்று சைடிங், ஒன்றில் ஐந்து வேகன் கொள்ளும், மற்ற இரண்டில் மும்மூன்று. எஞ்சின் போய் வரும் முட்டு லைனில் எஞ்சினும் மூன்று வேகனும் மட்டுமே கொள்ளும். எட்டு வேகன்களிலிருந்து சீட்டுக் குலுக்கிப் போட்ட வரிசையில் ஐந்தை அடுக்க வேண்டும். 6720 விதமான வரிசைகள் வரும். என் நான்கு சக்கர மூடுவேகனுக்கு ஆறு செ.மீ. என்று வைத்திருந்தேன். எஞ்சின் 13, மூன்று வேகன் 18, இடைவெளி கொஞ்சம் சேர்த்து 35. பெரியப்பா கேட்ட ஷன்டிங் நெக்கும் இங்கிள்நுக்கின் முட்டு லைனும் ஒரே லைன்தான். நீளமாக வை என்று அவர் சொன்னதை மட்டும் கேட்கவில்லை. நீளம் கூடினால் புதிர் சப்பென்று போய்விடும்.

விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. நெக் 35, அதற்கான பாயின்ட் 18.6, ஆக 54 செ.மீ. வெட்டவெளியிலிருந்து போய்விட்டது. மீதி 52. வண்டி 80 செ.மீ. நீளம். அதாவது மலையிலிருந்து எஞ்சின் தலை நீட்டி, கடைசிப் பெட்டி வெளியே வருவதற்குள் எஞ்சின் ஸ்டேஷனுக்குள் நுழைந்திருக்கும். ஒரு நொடிகூட முழு வண்டியும் வயல் நடுவே தெரியாது. கிளைப்பாதை வண்டிக்கு அதைவிட அவமானம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. பாயின்ட்டைச் சின்னதாக்கிப் பார்த்தேன், லூப்பை வளைத்துப் பார்த்தேன், சுவர் மூலையைத் திரும்பலாமா என்று பார்த்தேன் (அங்கே கதவு). ஒரு வாரம் கழித்துத்தான் நான்காவது பெட்டியை எடுத்தால் என்ன என்று தோன்றியது. மூன்று பெட்டி, எஞ்சின், மொத்தம் 63. லூப்பில் 16 மிச்சம், மதுரையில் 17 மிச்சம். வெட்டவெளி 85 ஆனது. 63 செ.மீ. வண்டி 85 செ.மீ. வயலில் முழுசாகத் தெரியும், முன்னும் பின்னும் கொஞ்சம் காற்றோடு. நாலு பெட்டி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இதற்கிடையில் பொருட்களையும் சோதித்துக்கொண்டிருந்தேன். எம்டிஎஃப் (அழுத்திய மரநார்ப் பலகை), சாதா பிளைவுட், வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் என்று மூன்று இரண்டடித் துண்டுகளைப் பதினைந்து நாள் குளியலறையில் சாய்த்து வைத்தேன். எம்டிஎஃப் ஓரம் ஊறிய பன்னாக உப்பிவிட்டது. சாதா பிளைவுட் நடுவில் நாலு மி.மீ. வளைந்தது. மூன்றாவது அசையவில்லை, ஆகவே 12 மி.மீ.இல் அதுதான். தண்டவாளம் வெயிலில் நீளும் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். பதினைந்து டிகிரி ஏறினால் என் முழு நீளத்துக்கும் ஒரு மி.மீ.கூட நீளாது, இரண்டு மூன்று இடத்தில் மெல்லிய இடைவெளி விட்டால் போதும். நம் ஊரில் தண்டவாளத்தைத் தூக்குவது ஈரத்தில் உப்பும் மரம்தான்.

தரைக்கு டீத்தூள் நன்றாக இருக்கும் என்று படித்துவிட்டு, வடிகட்டியில் மிஞ்சியதை ஒரு வாரம் சேர்த்து வெயிலில் காயவைத்துப் பலகையில் ஒட்டினேன். மறுநாள் காலை பலகை முழுக்க எறும்பு. யோசித்துப் பார்த்தால், அந்த யோசனை சொன்னவர்கள் டீத்தூளை வெந்நீரில் மட்டும் போட்டு எடுப்பவர்கள். நாம் பால், சர்க்கரை, சில நாள் இஞ்சி எல்லாவற்றோடும் கொதிக்கவிடுகிறோம். நாலாம் நாள் பூஞ்சையும் வந்தது. இப்போது மூன்று தண்ணீர் அலசி, காயவைத்து, வெறும் வாணலியில் வறுத்து எடுக்கிறேன். மனைவி அந்த வாணலியை எனக்கே கொடுத்துவிட்டாள். நிறத்துக்கு அதையும் நம்ப வேண்டியதில்லை, பெரியப்பா ஆளனுப்பி ஆண்டிபட்டிச் செம்மண் ஒரு பை கொடுத்துவிட்டார். டீ வடிகட்டியில் சலித்து, காகிதத்தில் பரப்பி, காந்தத்தை மேலே ஓட்டினேன். கறுப்புப் பொடி மீசை மாதிரி அப்பிக்கொண்டது. இதை எடுக்காமல் விட்டால் அது நேரே எஞ்சின் மோட்டாரின் காந்தத்துக்குள் போய் உட்காரும். சலித்த மண் இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருக்கிறது.

மின்சார விஷயத்தில் பெரிய யோசனை இல்லை. ஒரே எஞ்சின், சாதாரண டிசி கன்ட்ரோலர் போதும். எஞ்சின் சத்தம் வேண்டும் என்ற ஆசை வரும்போது டிசிசி என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு மாறலாம், அதற்காக வயரை மட்டும் முதலிலேயே தடிமனாகப் போடுகிறேன்.

தச்சர் அடுத்த ஞாயிறு வருகிறார். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், ஒன்றரை அடி அகலத்தில் ரயில் தட்டு, அதற்குக் கீழே அதே பிராக்கெட் வரிசையில் இரண்டு துணித் தட்டு. பேச்சுவார்த்தையில் முடிவான உயரம் அது. நின்றால் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே பிளாட்பாரம் இருக்கும், ஸ்டூலில் உட்கார்ந்தால் வண்டி தலைக்கு மேலே போகும்.

அதுவரை சும்மா இருக்க முடியவில்லை. திருத்திய பிளானைச் சரியான அளவில் பிரின்ட் எடுத்து, பத்து செ.மீ. கோட்டை அளந்து, சாப்பாட்டு மேஜையில் ஒட்டியிருக்கிறேன். தீப்பெட்டி அட்டையில் எட்டு வேகன், மேலே ஒன்றிலிருந்து எட்டு வரை எண். எஞ்சின் மட்டும் அசல், விரலால் தள்ளுகிறோம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மகள் சீட்டுக் குலுக்கி வரிசையைச் சொல்கிறாள். முதல் நாள் எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. நேற்று பதினெட்டு. அவளுக்குப் பதினொன்று, ஆனால் ஐந்தாம் எண் வேகனை ஃபவுலிங் மார்க்குக்கு வெளியே நிறுத்தியிருந்தாள். பெரியப்பாவிடம் போனில் கேட்டதில், அது செல்லாது என்று தீர்ப்பாகியிருக்கிறது.